ஈரம் ஆகாத அறை

கையுறையைக் கழற்றினேனா இல்லையா? கழற்றியிருக்க மாட்டேன். இந்த அறைக்கு வந்த நாளிலிருந்து வெறும் விரலால் எதையும் தொட்டதில்லை, இன்றைக்கு மட்டும் என்ன புதிதாக. ஆனாலும் வலது கட்டைவிரலில் ஏதோ மிச்சமிருக்கிறது. ஸ்க்ரூ மரையின் மேல் நகத்தை ஓட்டினால் குறுகுறுவென்று ஒரு கூச்சம் வருமே, அது. இது இன்றைய கூச்சமா, பம்பு ஷாஃப்ட் கடைந்துகொண்டிருந்த காலத்துக் கூச்சமா என்று விரலைக் கேட்டால் விரல் என்ன சொல்லும். இரண்டு கைகளிலும் நீலக் கையுறை ஒழுங்காகத்தான் இருக்கிறது. இருப்பதால் கழற்றவில்லை என்று ஆகிவிடுமா, கழற்றி மறுபடி போட்டிருந்தாலும் இப்படித்தான் இருக்கும். எதிரே தட்டு. காலையிலிருந்து கடைந்த ஸ்க்ரூக்கள் அதில் குழிக்கு ஒன்றாகப் படுத்திருக்கின்றன, தொட்டிலில் போட்ட மாதிரி. மெக்னீசியம் ஸ்க்ரூக்கள், குழந்தைகளின் முழங்கை எலும்புக்கானவை. உடைந்த எலும்பு ஒட்டும்வரை பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு உடம்புக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகும். கரைந்த இடத்தை எலும்பே வளர்ந்து மூடிக்கொள்ளுமாம். கரைகிற சாமான் என்பதால்தான் இத்தனை பத்தியம். வெறுங்கை வியர்வையில் இருக்கிற உப்பு கொஞ்சம் பட்டால் போதும், பட்ட இடத்தில் கண்ணுக்குத் தெரியாமல் அரிக்க ஆரம்பிக்கும். அரித்த ஸ்க்ரூ உள்ளே போனால், எலும்பு ஒட்டுவதற்கு முன்னாலேயே பிடி விட்டுவிடலாம். விட்டால் மறுபடி கையைத் திறக்க வேண்டும். மறுபடி. இந்த வார்த்தையில் வந்துதான் நான் முட்டிக்கொண்டு நிற்கிறேன். தொட்டிருந்தால் ஒன்றைத்தான் தொட்டிருப்பேன். அந்த ஒன்று இந்தத் தட்டில்தான் இருக்கிறது, எதுவென்று தெரியாது, எல்லாம் ஒரே அச்சு. டீ நேரத்துக்கு, சோதித்துப் பார்க்கிற வான்மதி வந்து தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அதற்குள் நான் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும்.

மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் கம்பி சுழல்கிறது, வெள்ளிச் சுருள் மெல்லிசாக உரிந்து எண்ணெயில் விழுகிறது. வெளியே பெரிய கூடத்தில் ஓடும் லேத்துகளில் பால் மாதிரி வெள்ளைத் தண்ணீர் கொட்டும், இங்கே அது கிடையாது. இந்த அறைக்குள் தண்ணீரே கிடையாது. குடிக்கிற பாட்டில்கூட வாசலோடு சரி. மூலையில் ஈரத்தை உறிஞ்சுகிற பெட்டி ஒன்று மாடு அசைபோடுவது போல நாள் முழுக்க முனகிக்கொண்டிருக்கும், சுவரோரம் சிவப்பு வாளிகளில் மணல். முதல் நாள் முதலாளி சம்பத் எங்களையெல்லாம் பின்பக்க வெட்டவெளியில் நிறுத்தி, ஒரு கைப்பிடிச் சுருளை இரும்புச் சட்டியில் போட்டுக் கொளுத்திக் காட்டினார். வெள்ளை வெளிச்சம், பார்க்க முடியவில்லை, கண்ணை மூடினாலும் உள்ளே வந்தது. பிறகு நீளக் கழியின் முனையில் ஒரு குவளையைக் கட்டி அதன்மேல் தண்ணீரை ஊற்றினார். அணையும் என்றுதானே நினைப்போம். நெருப்பு ஆள் உயரத்துக்கு எழும்பிச் சீறியது. "பாத்துக்கங்க. இது பத்துனா தண்ணி ஊத்தக் கூடாது, மணலப் போட்டுட்டு ஓடியாந்திரோணும்" என்றார். அன்று மதியம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம், கற்பூரம். இதற்கு மட்டும் வாசல் கதவிலேயே ஒரு பொட்டு வைத்து முடித்துக்கொண்டோம். சாமி கும்பிடக்கூட ஆகாத அறை என்று வான்மதி சிரித்தாள். எனக்கு அது பிடித்திருந்தது. சாமியோடு எனக்கு அப்போது பேச்சுவார்த்தை இல்லை.

என்னை எதற்கு இங்கே போட்டார்கள்? என் கைக்காக. பட்டறைகளில் உப்புக்கை என்று ஒன்று சொல்வோம். சிலருக்கு வியர்வையே அப்படி, அவர்கள் தொட்டு வைத்த ஷாஃப்ட்டில் மறுநாள் ஐந்து விரலும் துருவாக எழுந்து நிற்கும். அப்படிப்பட்டவர்களைக் கடைந்து முடிந்த சாமானைத் தொட விடமாட்டார்கள், மேலே பொன்னாலே கவசம் போட்டாலும் உப்புக்கை உப்புக்கைதான். என் கை அப்படியில்லை, உலர்ந்த கை. சித்திரை வெயிலிலும் பொரிமாவு தொட்ட கை மாதிரி இருக்கும். "ஆறுச்சாமியண்ணன் தொட்டா இரும்புக்கே தெரியாது" என்று பயல்கள் கேலி பண்ணுவார்கள். என் மகள் மிதுவும் சொல்வாள். பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகும்போது விரலைக் கோத்துக்கொண்டு, "உங்க கையி காயிதமாட்ட இருக்குதுப்பா" என்பாள். அவளுடைய கை எப்போதும் ஈரம். பென்சில் பிடித்தால் நோட்டு நனையும். அவள் அம்மா கோகிலாவுக்கும் அதே கை. அந்த ஈரக் கை என் காய்ந்த கைக்குள் இருக்கும்போது எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை. தெருவில் வண்டி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நடப்பேன். தோன்றியிருக்க வேண்டும். அப்போது கொஞ்சம் மெதுவாக நடந்திருக்கலாம், எங்கே போய்விடப்போகிறது பள்ளிக்கூடம்.

இதோ ஒரு ஸ்க்ரூ விழுந்துவிட்டது. இடுக்கியால் எடுக்கிறேன். எண்ணெயை வடித்து, கண்ணாடிக்கடியில் வைத்துப் பார்க்கிறேன், மரையில் பிசிறு இல்லை, முனை சுத்தம். குழியில் வைக்கிறேன். இப்படித்தானே எல்லாவற்றையும் செய்திருப்பேன்? இடுக்கி, கண்ணாடி, குழி. இடையில் கைக்கு எங்கே வேலை? ஆனால் பழைய பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. பம்பு ஷாஃப்ட் கடைந்த நாட்களில் பிசிறு இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க மாட்டோம், கட்டைவிரல் நகத்தை மரைமேல் ஒரு ஓட்டு ஓட்டுவோம். கண் ஏமாறும், நகம் ஏமாறாது. பத்தொன்பது வயதில் படிந்த பழக்கம், கையுறை போட்டதும் போய்விடுமா. மத்தியானம் சாப்பிட்டு வந்து உட்கார்ந்தபோது கண் கொஞ்சம் கனத்தது. அப்போது ஒன்று விழுந்தது, எடுத்தேன். எண்ணெயின் சூட்டில் அது வெதுவெதுவென்று இருந்தது. இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? இடுக்கியால் எடுத்தால் சூடு தெரியாது. கையுறைக்குள்ளே தெரியும், மெல்லிசுதானே அது. அப்படியானால் கையில் எடுத்திருக்கிறேன், கையுறையோடு. அல்லது. சரி, வேறு யோசிப்போம். போகாத ஊருக்கு வழி கேட்டுக்கொண்டிருந்தால் போகிற ஊரும் தெரியாமல் போய்விடும்.

இந்த வேலை பட்டறைக்கு வந்தபோது கம்பெனியிலிருந்து ஒரு டாக்டர் வந்து பேசினார். இளவயசு, நல்ல மனுஷன், எங்களோடு டீ குடித்தார். ஸ்க்ரூவை ஒரு கண்ணாடிக் குப்பியில் காட்டி, "மத்த ஸ்க்ரூ எல்லாம் எலும்பு ஒட்டினப்புறம் வெளியே எடுக்க வேண்டி வரும், வளர்ற குழந்தைங்கன்னா கண்டிப்பா எடுப்போம். அதுக்குன்னு இன்னொரு ஆபரேஷன், இன்னொரு தடவை மயக்க மருந்து. இதுல அது கிடையாது. ரெண்டாவது தடவைங்கிற பேச்சே இல்லை" என்றார். சுற்றி நின்றவர்களில் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு எல்லோரும் எத்தனை பாடுபட்டார்கள் என்று எனக்குத் தெரிந்தது. சம்பத் கையிலிருந்த டீயை ஆறவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தார். சாயங்காலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஆறுச்சாமி, கையி உன்னுது மாதிரி யாருக்கும் இல்ல. அதுக்காகக் கட்டாயமில்லப்பா. வேண்டாம்னா ஒரு வார்த்தை சொல்லு, வேற ஆளப் போட்டுக்கறேன்" என்றார். "செய்யறனுங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். கெட்டது என் கண், நமஸ்காரம் யாருடைய கண்ணுக்கோ ஆகட்டும் என்று நினைத்தேனோ என்னவோ. அவ்வளவு பெரிய மனசெல்லாம் எனக்கில்லை. ஆத்திரமும் இருந்தது. இந்தச் சாமான் கொஞ்சம் முன்னால் வந்து தொலைத்திருக்கக் கூடாதா என்று அந்தக் குப்பியைப் பார்த்தபோது பல்லைக் கடித்தேன். வந்திருந்தாலும் எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்குமா, வந்திருந்தாலும் மிதுவுக்கு வைத்திருப்பார்களா, இப்படியே கேட்டுக்கொண்டு போனால் பிரம்மா வரைக்கும் போகலாம்.

மிது விழுந்தது ஒன்றும் பெரிய உயரத்திலிருந்து அல்ல. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு திண்டில் ஏறித் தாண்டி விளையாடினாள், கையை ஊன்றி விழுந்தாள், முழங்கை உடைந்தது. நாலாம் வகுப்பு. ஸ்க்ரூ வைத்துக் கட்டினார்கள். எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, சாம்பல் எலும்புக்குள் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்ததை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அழுகையெல்லாம் போய்விட்டது. "இதையாப்பா நீங்க பட்டறையில செய்யறீங்க?" என்றாள். "இதில்ல சாமி, நாஞ் செய்யறது பம்புக்கு" என்றேன். அவளுக்கு அது பொருட்டில்லை. என் கைக்குள்ள எங்கப்பா செஞ்ச ஸ்க்ரூ இருக்குது என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்தாள். டீச்சரே என்னிடம் கேட்டார், மறுத்துச் சொல்ல மனசில்லாமல் சிரித்துவைத்தேன். எலும்பு நன்றாக ஒட்டியது. கையை மடக்கினாள், நீட்டினாள், தோசை திருப்பினாள். வளர்கிற கை, ஸ்க்ரூவை எடுத்துவிடலாம் என்றார்கள். "சின்ன விஷயம், காலையில வந்தா சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம்" என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. எத்தனையோ பிள்ளைகள் சாயங்காலம் வீட்டுக்குப் போகின்றன. முந்தின நாள் படுத்துக்கொண்டே கேட்டாள். "அப்பா, எடுத்தப்புறம் அதைய எனக்குக் குடுப்பாங்களா?" கேட்டு வாங்கித் தருகிறேன் என்றேன். "கனமா இருக்குமாப்பா?" இருக்காது என்றேன். "எனக்குத் தெரியவே இல்லியே, இத்தன நாள் தூக்கிட்டுத்தான இருந்தேன்" என்று கையை மேலும் கீழும் அசைத்துப் பார்த்துக்கொண்டாள். அப்படியே தூங்கிப்போனாள்.

ஸ்ட்ரெச்சரில் போகும்போது ஸ்க்ரூவைக் கேட்கச் சொல்லி மறுபடி ஞாபகப்படுத்தினாள், அங்கிருந்த நர்ஸம்மாவிடமும் சொன்னாள். நான் கையை விட்டேன். விட்டுத்தானே ஆக வேண்டும், கதவுக்கு அந்தப் பக்கம் விடமாட்டார்கள். மயக்க மருந்தில் இதயம் எங்கேயோ தடுமாறிவிட்டது என்றார்கள். லட்சத்தில் ஒருவருக்கு ஆகும், முன்கூட்டிச் சொல்ல முடியாது, யார்மேலும் தப்பில்லை என்றார்கள். நான் நம்புகிறேன். யார்மேலாவது தப்பிருந்தால் ஒரு பக்கமாகத் திரும்பி நின்று திட்டியிருக்கலாம். அதற்கும் வழியில்லை. ஸ்க்ரூவை எடுத்த பிறகுதான் தடுமாறியதாம். எடுத்தாகிவிட்டது, தையல் போட்டாகிவிட்டது, எழுப்பத்தான் முடியவில்லை. அந்த நர்ஸம்மா கூட்டத்தையெல்லாம் விலக்கிக்கொண்டு வந்து என் கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பியைத் திணித்தார். "பாப்பா கேட்டுச்சுங்க" என்றார். ஆட்டிப் பார்த்தேன், உள்ளே கலகலவென்று சத்தம். கழுவித் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். ஒரு கீறல் கிடையாது. என் பிள்ளையின் உடம்புக்குள் இத்தனை நாள் இருந்துவிட்டு வந்த சாமானுக்கு ஒரு மாற்றமும் இல்லை. அதை நான் மன்னிக்கவே மாட்டேன். இரும்பிடம் போய்க் கோபித்துக்கொள்கிற ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சின்னப் பிள்ளைகளை எங்களில் எரிப்பதில்லை, புதைப்பதுதான். குழிக்குள் இறக்குவதற்கு முன்னால் மாலையைச் சரிசெய்வது போலக் குனிந்து, அந்த ஸ்க்ரூவை அவள் வலது கைக்குள் வைத்து விரல்களை மடக்கினேன். யாரும் பார்க்கவில்லை. கை குளிர்ந்து, காய்ந்து கிடந்தது. என் கையைப் போல. அவளுக்குக் காய்ந்த கையே கிடையாது. பிறகு பெரியவர்கள் உப்பைக் கொட்டினார்கள். கல்லுப்பு, மூட்டையாகவே வாங்கி வந்திருந்தார்கள். உப்பு எதற்கு என்று என் மைத்துனனிடம் கேட்டேன். ஊரில் எத்தனையோ சாவுக்குப் போனவன், அன்றைக்குத்தான் புதிதாகப் பார்த்தவன் போலக் கேட்டேன். "சீக்கிரம் கரையறக்குத்தான் மாமா" என்றான், சொல்லிவிட்டு ஏன் சொன்னோம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். உப்பு என்ன செய்யும் என்று எனக்குச் சொல்லித் தர வேண்டுமா. இருபது வருஷமாக உப்புக்குப் பயந்து பிழைப்பு நடத்துகிறவன். எல்லாம் கரைந்துவிடும். கண், கன்னம், அந்த ஒட்டின எலும்பு, தைத்த நூல். ஸ்க்ரூ மட்டும் கரையாது. நல்ல எஃகு, உப்பும் மண்ணும் சேர்ந்தாலும் தின்னாது. கை இல்லாமல் போன பிறகும் அந்த ஸ்க்ரூ அங்கே கிடக்கும், பளபளவென்று, பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல். வைக்கும்போது இதை யோசிக்கவில்லை. கேட்டாளே என்று வைத்தேன். மழை பெய்கிற நாட்களில் யோசிக்கிறேன். இங்கே நான் கடைகிறது கரைந்து எலும்பு நிற்கிறது, அங்கே எலும்பு கரைந்து அது நிற்கிறது. இப்படி மாற்றி வைத்தவன் யார் என்று யாரிடம் போய்க் கேட்பது.

கோகிலாவுக்கு நான் என்ன கடைகிறேன் என்று தெரியாது. ஏதோ லேசான சாமான், வெளிநாட்டு ஆர்டர் என்று சொல்லியிருக்கிறேன். லேசுதான், கையில் வைத்தால் வைத்த மாதிரியே இருக்காது. அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. அவள் என்னிடம் அதிகம் கேட்பதில்லை இப்போது. ஒரே ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். "ஏனுங்க, எல்லாரும் அழுதாங்க. ரோட்டுல போறவங்ககூட நின்னு அழுதுட்டுப் போனாங்க. நீங்க ஒரு சொட்டு வுடலீங்களே." கோபமாகச் சொல்லவில்லை, குழம்பு வேண்டுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அன்றைக்கு வந்தவர்களை உட்கார வைக்கவும் வண்டி பிடிக்கவுமாக இருந்தது. அப்புறம் அழலாம் என்று நினைத்தேன். அப்புறம் இந்த அறை வந்துவிட்டது. இங்கே முகத்தில் வியர்வை கட்டினாலே வெளியே போய்த் துடைத்துக்கொண்டு வர வேண்டும். அழாமல் இருப்பதற்கு இதைவிடத் தோதான வேலை அமையாது. கதவைச் சாத்தினால் எல்லாம் காய்ந்துவிடும். வீட்டுக்குப் போகும்போது கண்ணும் காய்ந்துதான் இருக்கும், அவள் அதைப் பார்த்துவிட்டுக் கல்நெஞ்சு என்று நினைத்துக்கொள்வாள். நினைக்கட்டும். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று விழுந்தது. எடுக்க வேண்டும். இடுக்கி எங்கே? கையில்தான் இருக்கிறது, ஆனால் மத்தியானம் இதை மெஷினுக்குப் பின்பக்கம் எண்ணெய்ப் பீப்பாய் மூடிமேலிருந்து எடுத்தேன். அங்கே யார் வைத்தது? நான்தான், இங்கே வேறு யார் இருக்கிறார்கள். அப்போது இடுக்கியை வைத்துவிட்டு என்ன செய்தேன்? இப்போது வருகிறது. விழுந்த ஸ்க்ரூ வெதுவெதுவென்று இருந்தது, உள்ளங்கையில் வைத்து லேசாக மேலும் கீழும் அசைத்தேன். ஆமாம், அசைத்தேன். கனமாக இருக்குமாப்பா. கனமே இல்லை சாமி, பார், வைத்த மாதிரியே இல்லை. கையுறையோடு அசைத்தேனா, கையுறை இல்லாமலா? கையுறையோடு கனம் பார்க்கிற ஆளா நான். ஆனாலும் நிச்சயமில்லை. சும்மா நினைத்தே பார்த்திருக்கலாம், இந்த ஸ்க்ரூவைக் கையில் வைத்துக்கொண்டு அவளுக்குப் பதில் சொல்வது எத்தனையோ நாள் மனசுக்குள் நடந்ததுதான். மனசுக்குள் நடந்ததற்கெல்லாம் தட்டைக் கொட்ட முடியுமா. வலது கையுறையைப் பிடித்து இழுக்கிறேன். உலர்ந்த கைக்குக் கையுறை சுலபமாகக் கழன்று வரும், இன்றைக்கு ஒட்டிக்கொண்டு வருகிறது. உள்ளே ஈரம். விரலெல்லாம் ஊறிப்போய், தண்ணீரில் கிடந்த மாதிரி வெளுத்திருக்கிறது. இது என் கையா? கட்டைவிரலை மூக்குக்குக் கொண்டுபோகிறேன். எண்ணெய் வாசனை. வெளிப்பக்கத்து எண்ணெய் உள்ளே வர வழியில்லை. விரல் எண்ணெயில் நேராகப் பட்டால்தான் உண்டு. உள்ளங்கையிலும் அதே வாசனை. சரி. தொட்டிருக்கிறேன். அதுவும் இந்த ஈரக் கையால்.

வான்மதி பக்கத்து அறையில்தான் இருக்கிறாள், நடுவில் கண்ணாடி. நான் கடைந்ததையெல்லாம் மைக்ராஸ்கோப்பில் பார்த்துத் தேறியது தேறாதது பிரிக்கிறவள். நான் கையுறை இல்லாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள்.

"என்னங்ணா, கையுற கிழிஞ்சிருச்சுங்களா?"

"இல்லம்மா. வெறுங்கையில ஒண்ணத் தொட்டுப்போட்டேன்."

அவள் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் இப்படிச் சொல்கிற ஆள் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

"எதுன்னு தெரியுங்களாண்ணா?"

"தெரியல. இதுக்குள்ளதான் இருக்குது."

தட்டைத் தூக்கிக்கொண்டு போய் ஒவ்வொன்றாகக் கண்ணாடிக்கடியில் வைத்தாள். நான் அவள் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன், உள்ளே போக எனக்கு யோக்கியதை இல்லை. மெஷினை நிறுத்தியிருந்தேன். ஈரம் உறிஞ்சுகிற பெட்டியின் முனகல் மட்டும் கேட்டது. அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டாள், மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். "ஒண்ணுலயும் ஒண்ணியும் தெரியலீங்ணா. எல்லாமே தேறுது" என்றாள். "ஸ்பிரிட்டுல எப்படியும் கழுவுவாங்க. உப்பு இருந்தாலும் போயிருமுங்க."

"போயிருமா?"

"போகத்தானுங்க கழுவறது."

"போகலீன்னா?"

போகாது என்றும் யாரும் எழுதி வைக்கவில்லை, போய்விடும் என்றும் யாரும் எழுதித் தரப்போவதில்லை. கண்ணாடிக்கடியில் தேறியது ஒரு பிள்ளையின் கைக்குள் தேறுமா என்று எந்தக் கண்ணாடி சொல்லும். சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னவர்களும் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்கள். நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

"ஏதோ ஒரு புள்ள இருக்குது வான்மதி. அதுக்கு எலும்பு ஒட்டாமப் போச்சுன்னா மறுபடியும் தொறக்கோணும். மறுபடியும் அந்த மருந்து குடுக்கோணும். அவங்கப்பன் வெளியில நிக்கோணும். கைய வுட்டுட்டு நிக்கோணும்."

வான்மதி தட்டை எடுத்தாள், என்னைக் கடந்து போய்ச் சுருள் போடுகிற பீப்பாயின் மூடியைத் திறந்தாள், கவிழ்த்தாள். காலையிலிருந்து கடைந்ததெல்லாம் எண்ணெயில் விழுந்தது. சத்தமே இல்லை. கனம் இருந்தால்தானே சத்தம் இருக்கும். மூடியை அழுத்தி மூடிவிட்டு, "சம்பத் சார்கிட்ட நாஞ் சொல்லிக்கறனுங்ணா" என்றாள். நானே சொல்லிக்கொள்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாயிலிருந்து அது வரவில்லை. வேறு ஏதோ வந்தது. மாடு கத்துவது மாதிரி ஒரு சத்தம், என்னுடையதுதான். கண்ணில் பொத்துக்கொண்டு வந்தது, நிறுத்த முடியவில்லை. தட்டு காலியாக எதிரே இருந்தது, மெஷின் கதவு திறந்து கிடந்தது. நான் முகத்தைக் கையால் பொத்திக்கொண்டு பின்வாங்கினேன், இங்கே விழக் கூடாது, இந்தத் தரையில் ஒரு சொட்டு விழக் கூடாது என்று. வான்மதி என் முழங்கையைப் பிடித்தாள். "வெளிய போயிருங்ணா. இங்க வேண்டாம். வெளிய போய் அழுங்க" என்று கதவைத் திறந்துவிட்டாள்.

பின்பக்க வெட்டவெளியில் கைகழுவுகிற குழாய். திருகிவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் சிமெண்டில் அடித்துக் கால்மேல் தெறித்தது, தெறிக்கட்டும் என்று விட்டேன். இந்தப் பக்கம் எவ்வளவு வேண்டுமானாலும் ஈரம் ஆகலாம். கூடத்து லேத்துகளின் இரைச்சலில் நான் அழுவது எனக்கே கேட்கவில்லை. மிது, மிது என்று கூப்பிட்டேன் போலிருக்கிறது, பெயரைச் சொல்லி எவ்வளவோ நாளாயிற்று. நல்ல ஸ்க்ரூவாக ஒன்று வைக்கத் தெரியாமல் போயிற்று சாமி, கரையாததைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டேன் சாமி என்று ஏதேதோ சொன்னேன். சொல்லி முடித்தபோது நெஞ்சு வலித்தது, ஆனால் மூச்சு விட முடிந்தது. சாயங்காலம் கோகிலாவிடம் சொல்ல வேண்டும், நான் என்ன கடைகிறேன் என்று. அழுவாள். இரண்டு பேருமாக அழலாம்.

குழாயை மூடிவிட்டு எழுந்து, இரண்டு கைகளையும் வெயிலில் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பி உள்ளே போகிறவன் சொட்டு ஈரம் இல்லாமல் போக வேண்டும், அதுதான் விதி. முதல் ஸ்க்ரூவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வான்மதி கதவைக் கொஞ்சமாகத் திறந்து எட்டிப் பார்த்தாள். "ஒண்ணும் அவசரமில்லீங்ணா. நல்லாக் காஞ்சப்புறம் வாங்க" என்றாள். கை எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது. முகம் காயவில்லை. நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.